நூறைத் தொடாத காய்ச்சல்

மருந்துக் கடையில் மருந்து விற்பது சுலபம். டிகிரிக்கு அர்த்தம் சொல்வதுதான் கஷ்டம். அறுபதுகளில் காரைக்குடியில் கடை வைத்திருந்தேன். கல்லாவில் உட்கார்ந்து பதில் சொல்லி அலுத்தவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

ரேடியோ வெயில்

அதுவரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஒரே கணக்கு. பாரன்ஹீட். நூறைத் தாண்டினால் இரண்டும் மோசம். திடீரென்று ரேடியோவில் வெயிலை மட்டும் சென்டிகிரேடில் சொல்ல ஆரம்பித்தார்கள். கடையிலிருந்த தெர்மாமீட்டர் மாறவில்லை. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

அடுத்த தெரு முத்தையா சட்டை நனைய வந்து நின்றார். "போன வருசம் நூத்தி நாலுன்னாக. இப்ப நாப்பதுன்னு சொல்றாக. இம்புட்டுக் குறைஞ்சும் எனக்கு ஏண்ணே இப்படி ஊத்துது?"

சைகோன் சாமான்

அதே கோடையில் முத்தையாவின் பையனுக்குக் காய்ச்சல். 'நூறைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். முத்தையா தேவகோட்டைக்குப் போயிருந்த நேரம். அவர் மனைவி மீனா ஆச்சி மாத்திரை வாங்க வந்தார். பையன் தோளில் துவண்டு கிடந்தான்.

"டாக்டரிடம் போகலையா ஆச்சி?" என்றேன்.

"இன்னும் நூறு ஆகலைண்ணே. காலையில முப்பத்தொம்பது, இப்ப நாப்பது" என்று தெர்மாமீட்டரை நீட்டினார். அவர் மாமனார், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் தொழில் பார்த்தபோது வாங்கி வந்தது. பார்த்தேன். சென்டிகிரேடு. அதில் எண் நாற்பத்திரண்டோடு முடிந்துவிட்டது. நூறு என்று ஒன்றே இல்லை.

கணக்குப் போட எனக்கு வராது. கடைத் தெர்மாமீட்டரைப் பையன் அக்குளில் வைத்தேன். நூற்றி நாலு. கடையை அப்படியே போட்டுவிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினோம். ஓட்டத்திலேயே ஆச்சி சொன்னார்: "நூறு வரட்டும்னு காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேனேண்ணே."

வாத்தியார் விளக்கம்

உள்ளே பையனுக்கு ஈரத்துணி போட்டு ஊசியும் போட்டார்கள். வெளியே நான். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த முத்தையா. இருமலுக்கு வந்திருந்த ஒரு சயின்ஸ் வாத்தியார். அவர் சும்மா இருக்கவில்லை.

ஐஸில் உப்புகளைக் கலந்து, அந்தக் குளிரைப் பூஜ்யமாக வைத்தவர் பாரன்ஹீட்டாம். தண்ணீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே நூறு பங்கு போட்டவர் செல்சியஸாம், அதுதான் சென்டிகிரேடு. அவரும் முதலில் கொதிப்பதைப் பூஜ்யம், உறைவதை நூறு என்று தலைகீழாக வைத்தாராம், பிறகு திருப்பினார்களாம். கணக்குக்கு இது நல்லது, படிகள் நெருக்கமாக இருப்பதால் காய்ச்சலுக்கு அது நல்லது என்றார். எது இது, எது அது என்பது எனக்கு அப்போதே குழம்பிவிட்டது.

கதவையே பார்த்துக்கொண்டிருந்த முத்தையா கேட்டார்: "ஏன் சார், ஐஸுக்கும் வெந்நிக்கும் நடுவுல எம் புள்ளைய எதுக்கு சார் வைக்கிறாக?"

புதுத் தெர்மாமீட்டர்

பையன் பிழைத்தான். ஆச்சியிடம் பாரன்ஹீட் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொடுத்து, சைகோன் சாமானைத் தூக்கிப் போடச் சொன்னேன். தலையை ஆட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். பையன் கடை வாசலில் குதித்துக்கொண்டிருந்தான். புதுத் தெர்மாமீட்டரை மேஜைமேல் வைத்தார். "இது வேணாம்ணே. நல்லா இருக்கிற புள்ளைக்குத் தொண்ணூத்தெட்டு காட்டுது, நூறுக்கு ரெண்டுதானே பாக்கி? பழசுல முப்பத்தேழுதான், பாத்தா மனசுக்கு நிம்மதியா இருக்கு."

கடையை மூடி வருஷங்களாகிவிட்டன. இந்த வியாபாரத்தில் எனக்கு மிஞ்சியது தலைவலி ஒன்றுதான், நல்லவேளை அதற்கு டிகிரி கிடையாது.