ரேடியோவில் வராத வாழ்த்து

மலாயாவில் நான் வேலை பார்க்கும் சிறு ரேடியோ நிலையம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. படியேறியதும் ஒரு கரும்பலகை. அதைப் பார்த்தால்தான் இந்த மாதம் தமிழருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பது எனக்கே தெரியும். தையில் கச்சேரி இசைத்தட்டுகள். சித்திரையில் அதை அழித்துவிட்டு நாடகப் பாட்டு. ஆடியில் சினிமா. தமிழுக்கு ஞாயிறு காலை அரைமணி நேரம்தான். அதற்குள் இத்தனை மாற்றம். இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்குவதும் தமிழில் அறிவிப்பதும் என் வேலை. பழைய பாட்டு எங்கே என்று தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஏச்சு வாங்குவதும் நான்தான். பலகையை மாற்றுகிற வெள்ளைக்காரத் துரையை, நிலையத்தின் தலைவரை, யாரும் ஏசுவதில்லை.

பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் இதைப் படிப்பவர்கள் என் அய்யனை, என் தகப்பனாரை, அறிவார்கள். சவரத் தொழில் செய்பவர். குடியானவர் வீட்டுக் கல்யாணத்தில் சீர் என்கிற சடங்கு நடக்கும்போது வாழ்த்துச் சொல்வதும் அவர்தான். ஓர் அடி சொல்லி நிறுத்துவார்; மத்தளம் ஒருமுறை அதிரும்; பிறகு அடுத்த அடி. அவர் வாய் திறக்காமல் சீர் நகராது. ஆனாலும் பந்தல்காலை ஒட்டி நின்றுகொண்டேதான் சொல்வார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. பக்கத்தில் நின்றே எனக்கும் அது மனப்பாடம். எங்கள் வீட்டில் பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்த்துவிட்ட அன்று, "நீ நாற்காலியில குந்திச் சம்பாரிக்கோணும் சாமி" என்றார்.

ஆவணியில் சின்னுசாமி என்னைத் தேடி வந்தார். நாமகிரிப்பேட்டைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இங்கே ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவுகிறார். ஊரில் அவர் வயதுக்காரர்கள் என் அய்யனை 'வாடா' என்பார்கள். இங்கே எனக்கு 'ங்க' போட்டார்.

"ஏனுங்க, எனக்குக் கல்யாணமுங்க. வாழ்த்துச் சொல்ல இந்தச் சீமையில உங்களை உட்டா ஆருமில்லீங்க. அது இல்லாமச் சீர் பண்ணுனா கல்யாணமே இல்லைன்னு எங்கம்மா கடுதாசி போட்டுருக்குது."

பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவர் தோட்டம். நேரில் போயிருக்கலாம். எனக்கோ பந்தல்கால் நினைவுக்கு வந்தது.

"ரேடியோவுலயே சொல்லிப்போடறனுங்க. தோட்டத்துக் கணக்கெழுதற கிராணி ஊட்டு ரேடியோவுக்கு முன்னால சீரை வெச்சுக்குங்க" என்றேன்.

துரையிடம் கேட்டேன்.

"பாட்டா, பேச்சா?"

"இரண்டிலும் சேராது சார். கல்யாணத்தில் சொல்வது. நடுநடுவே நிறுத்துவேன், அங்கே மத்தளம் அடிப்பார்கள்."

"நிறுத்தினால் நிலையம் கெட்டுப்போனதென்று நினைப்பார்களே! பலகையில் இரண்டே கட்டம்தான் இருக்கிறது." சிரித்துக்கொண்டே 'பேச்சு' என்ற கட்டத்தில் எழுதினார்.

முகூர்த்தம் குறித்திருந்த ஞாயிறு காலை கோட்டுப் போட்டுக்கொண்டு படியேறினேன். பலகை துடைக்கப்பட்டிருந்தது. 'இன்று முதல் டான்ஸ் பேண்டு.' விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்கள் கேட்டார்களாம். தமிழ் அரைமணி புதன்கிழமைக்குப் போய்விட்டதாம்.

"அதனாலென்ன, புதன்கிழமை சொல்" என்றார் துரை.

முகூர்த்தம் புதன்கிழமை வரை காத்திருக்குமா? எடுத்துச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இருந்தது. கேட்க அவருக்கு நேரமில்லை. அந்த டான்ஸ் இசைத்தட்டைத் துடைத்துச் சுழலவிட்டதும் என் கைதான்.

மறுநாள் சின்னுசாமி படிக்கட்டில் நின்றார்.

"மத்தளத்தை மடியில வெச்சுக்கிட்டுக் குந்தியிருந்தமுங்க. உங்க ரேடியோ பீப்பீன்னு என்னமோ ஊதுச்சு. மத்தளக்காரன் பாவம், அதுதான் வாழ்த்தாக்கும்னு நாலு எடத்துல அடிச்சுங்கூடப் பாத்தான். பொண்ணே சிரிச்சுப்போட்டா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தாலி கட்டியாச்சுங்க. சீரு அப்படியே நிக்குது. எங்கம்மாளுக்கு நான் என்னன்னு எழுதறது?"

"வேறொரு நாள் ரேடியோவுல..." என்று இழுத்தேன்.

"ரேடியோ வேண்டாமுங்க. நீங்க வாங்க."

"வாரனுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு போனேன். பந்தலைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். நடுவில் எனக்காகக் கிராணி வீட்டு நாற்காலி. "குந்துங்க" என்றார் சின்னுசாமி. அய்யன் ஆசைப்பட்டது இதைத்தானே. கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மத்தளக்காரர் கையை ஓங்கிக் காத்திருந்தார். முதல் அடி வரவில்லை. எத்தனை முறை தொண்டையைக் கனைத்தும் வரவில்லை. எழுந்துபோய்ப் பந்தல்காலை ஒட்டி நின்றேன். அடி வந்தது, மத்தளம் அதிர்ந்தது. சின்னுசாமி "குந்துங்க, குந்துங்க" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். கடைசி அடி வரை நின்றே சொன்னேன். என் இடத்தில், நாற்காலியில், கோட்டு மட்டும் இருந்தது.