அண்ணன் பேரில் ஒரு வேண்டுதல்

அண்ணன் லோகேஸ்வரன் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரத்தில் ஒரு பானை சோறு வெந்துவிடும். விஜயபுரத்து வீட்டில் இருப்பதோ ஒரே கண்ணாடி. தங்கை கௌசிகாவுக்கு ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்களைப் பூட்டும் கம்பெனியில் வேலை. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அவனோ திருச்சானூர் லாட்ஜில் ரூம் சாவி எடுத்துக் கொடுப்பவன். அதற்கே சீவி, கலைத்து, மறுபடி சீவுவான்.

சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஆகாது. அவன் ஹெல்மெட்டுக்குள் அவள் விபூதி கொட்டியிருக்கிறாள். போன மாதம் அவள் போனில் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். விடிவதற்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் நாய்களோடு நின்றாள்.

அதற்குப் பழி வாங்கத்தான் அம்மா சந்திரம்மாவிடம் அந்தப் பொய்யைச் சொன்னாள்: "நல்ல எடமா அமைஞ்சா மொட்டை போட்டுக்கறேன்னு அண்ணன் திருமலைக்கு வேண்டிக்கினு இருக்குதும்மா."

பத்தே நாளில் வெதுருகுப்பத்துப் பத்மினியின் ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். அதற்கு முன்னால் மொட்டை என்றாள் அம்மா. நான் வேண்டவே இல்லை என்று லோகு தலையில் அடித்துக்கொண்டான்.

"முடி மேல ஆசைப்பட்டு சாமியையே ஏமாத்தறியாடா?"

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் பத்மினியின் போட்டோவோடு தங்கையிடம் வந்தான். அதைக் காட்டுவது அது நாலாவது தடவை. "மொட்டைத் தலையோட போனா வேணாம்னு சொல்லிடுவாளா கௌசி?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இப்படிக் கேட்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

சந்திரம்மா கத்தவில்லை. "வெளையாட்டோ பொய்யோ, சாமி பேரைச் சொல்லியாச்சி. சொன்னது நீ. உன் முடியைக் குடு."

இடுப்புவரை தொங்கும் பின்னல். கம்பெனியில் அதைத் தொப்பிக்குள் சுருட்டி வைக்கவே அவளுக்குத் தனியாகக் கால் மணி நேரம் வேண்டும். சனிக்கிழமை, விஷயம் தெரிந்துபோன லோகுவோடு மலை ஏறினாள். மொட்டை போடும் கல்யாணகட்டாவில், அங்கே கொடுத்த டோக்கனையும் பாதி பிளேடையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்க லைன் எதுன்னு பாத்துட்டு வரேன். இங்கயே இரு," என்று போனவன் அரை மணி கழித்து வந்தான். தலை பளபளவென்று, சந்தனம் பூசி, காது இரண்டும் விரிந்து.

"டேய்!"

"இன்னா டேய்? வேண்டுதல் என் பேர்லதான? குடுத்தாச்சி. உன்னை மொட்டையா பாத்தா பஸ் ஸ்டாப் நாய்ங்களே பயந்து ஓடிடும். எழுந்திரு, போய் எதனா துன்னலாம்."

அவள் அழுதுகொண்டே அவன் தலையில் ஒரு அடி வைத்தாள்.

ஞாயிறன்று வெதுருகுப்பத்தில் யாரும் மொட்டையைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. "தரிசனத்துக்கு எவ்ளோ நேரம் ஆச்சி?" என்றுதான் பெண்ணின் அப்பா முதலில் கேட்டார். பத்மினி காபி கொடுத்துவிட்டு கௌசிகாவை உள்ளே கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னாள்.

அவள் வெளியே வந்ததும் லோகு கிசுகிசுத்தான். "இன்னாடி சொன்னா?"

"யோசிக்கணுமாம்."

அவன் முகம் அப்படியே விழுந்துபோனது. காபி டம்ளரைக் கீழே வைத்தான். கௌசிகாவால் மூன்று எண்ணும்வரைகூடத் தாங்க முடியவில்லை.

"சரின்னுட்டாடா, லூசு. குடி."