சுத்தமான படங்கள்

பஸ் டிப்போவின் டயர் பிரிவில் வேலை பார்க்கும் அந்த மெக்கானிக்கை ‘ஸ்டூடியோ’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். டயரில் சின்ன வெட்டு இருந்தாலும் வண்டியை வெளியே விடமாட்டார். டிரைவர்கள் கரித்துக் கொட்டுவார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, விரலிடுக்குக் கருப்பு போகத் தேய்த்துக் குளித்துவிட்டால் வேறு ஆள். கேமராவோடும் கம்ப்யூட்டரோடும் உட்கார்ந்துவிடுவார்.

குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, நடுவயதில் தொற்றிக்கொண்ட இந்தப் பைத்தியம் ஒன்றுதான். வெறும் வானத்தில் மேகம் வைப்பார். டிப்போ கேட்டுக்குப் பின்னால் கடலைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஒருமுறை மேனேஜரின் வழுக்கைத் தலையை பஸ்ஸின் ஹெட்லைட்டில் பொருத்திவிட்டார். கேன்டீனே சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. மேனேஜர் மட்டும் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் அதிகம் எடுத்தது மனைவியைத்தான். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். கேமராவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“இந்த மூஞ்சியப் படம் புடிச்சு என்ன பண்ணப் போறீங்க? போய் வேற வேலையப் பாருங்க.”

சரி, முகம் வேண்டாம் என்று அவர் பின்னாலிருந்து எடுக்க ஆரம்பித்தார். ஜன்னலோரத் தையல் மெஷின், குனிந்த தலை, தூக்கி முடிந்த கொண்டை, கழுத்தில் விழும் வெளிச்சம். உண்மையிலேயே அழகான படங்கள். போனில் இருந்த போட்டோ குழுவில் ஆகா ஓகோ என்றார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் குறை கண்டுபிடித்தார். ‘கழுத்துல ஒரு கரும்புள்ளி கண்ணை உறுத்துது சார், எடுத்துடுங்க.’

கொண்டைக்குக் கீழே ஒரு மச்சம். அன்றைக்கே எடுத்துவிட்டார். அதிலிருந்து அது பழக்கமாகிப்போனது. படத்தைத் திறந்ததும் முதல் வேலை கழுத்தைச் சுத்தம் செய்வது. திருத்திய படத்தைப் பழையதன் மேலேயே சேமித்துவிடுவார். இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டால் கம்ப்யூட்டர் திணறுகிறதாம். ‘திருத்தினதுதான் படம், பழசு எதுக்கு?’ என்று யார் கேட்டாலும் சொல்வார். நியாயம் பேசுவதில் மன்னன்.

போன மாதம் மனைவியின் தங்கை வந்திருந்தாள். அக்காவின் தலைக்குச் சாயம் பூசலாம் என்று கொண்டையை அவிழ்த்து முடியை ஒதுக்கியவள் பதறிவிட்டாள்.

“அக்கா, என்ன இது? கழுத்து மச்சத்துல ரத்தம் கசியுது!”

ஆஸ்பத்திரிக்கு அவரும் கூடப் போனார். டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். டாக்டரம்மாவின் முகம் சரியாக இல்லை.

“இது எவ்வளவு நாளா இருக்கு? பெருசாயிட்டு வந்துச்சா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? முதுகுப் பக்கம் எனக்குக் கண்ணா இருக்கு?”

“பழைய போட்டோ ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. எப்பலேருந்து மாறுச்சுன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும்.”

மனைவியின் முகம் மலர்ந்தது. “போட்டோவா? அது வீட்டுல மலையா குவிஞ்சு கிடக்கு. இவருக்கு வேற என்ன வேலை!”

அந்தப் பைத்தியத்தை அவள் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். எல்லாவற்றிலும் கழுத்து துடைத்துவிட்ட தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. கேமரா கார்டை அப்போதைக்கப்போதே காலி செய்துவிடுவார். குழுவுக்கு அனுப்பியதும் திருத்திய படங்கள்தான். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

“என்னங்க, ஒண்ணுலகூடவா அது தெரியல?”

அவருக்குப் பொய் சொல்லத் தோன்றியது, வாய் வரவில்லை. “நான்தான் அழிச்சேன். பார்க்க நல்லா இல்லேன்னு...”



“அப்போ நீங்க பார்த்திருக்கீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல எத்தாம்பெருசு இருந்துச்சு? அதையாவது காட்டுங்க.”

அவர் கம்ப்யூட்டரில் மச்சத்தை அழித்த அழிப்பானை எடுத்தார். திரையில் சின்னதாக ஒரு வட்டம் வந்தது, கடுகளவு. முதல் படத்தில் ஒரே அழுத்து, மச்சம் போய்விடும். அடுத்த வருஷத்துப் படத்துக்கு வந்தார். யோசிக்கவே இல்லை, விரல் தானாகவே வட்டத்தைப் பெரிதாக்கியது. அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். மிளகளவு, பட்டாணியளவு. கடைசியாக எடுத்த படத்தில் அந்த வட்டமும் போதாமல், ஓரத்தில் இரண்டு மூன்று தடவை இழுத்துத் தேய்த்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு, இது என்ன சனியன் போகவே மாட்டேங்குது என்று எரிச்சல்பட்டதும் ஞாபகம் வந்தது. அவர் மவுஸைத் தள்ளிவைத்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார்.



“நாளைக்கு டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லிடுங்க” என்றாள்.

பிறகு எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டாமல் உள்ளே போனாள்.