இன்ஸ்பெக்டர் சாப்பிட்டாரா?

சென்னையிலிருந்து மாதம் ஒரு புத்தகமாக வந்துகொண்டிருந்த அந்தத் துப்பறியும் தொடரில் இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தப்பிய திருடனே கிடையாது. அவரை நான் விழுந்து விழுந்து படித்தவன். ஆனாலும் என் மூக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மர்மத்தை நான் கண்டுபிடிக்க நாற்பது வருஷம் ஆனது. குரு சரியில்லையா, சீடன் சரியில்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் என் அப்பா வேலை செய்தார். ஆவாரம்பட்டை ஊறுகிற குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்; அந்த இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்திருக்க ஊர் ஏற்பாடு இடம் கொடுக்கவில்லை. முதலாளி தொழுகைக்குப் போகும் வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். பாதிரியார் பிரசங்கம் செய்யும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நாங்கள் கும்பிட்ட மாரியம்மனோ எந்தக் கிழமையையும் கேட்டு வாங்காமல் இருந்துவிட்டாள். ஞாயிறுகளில் நான் வீட்டுக்குள் தனியாக எனக்கு நானே எதிராளியாகத் தாயம் ஆடுவேன். அதிலும் பெரும்பாலும் தோற்பேன்.

மிஞ்சியது வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவதற்கும் விளக்கு வைப்பதற்கும் நடுவே ஒரு மணி நேரம். அதற்காகத்தான் அப்பா ரயிலடிக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கி வருவார். கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவார். எவ்வளவு தேய்த்தாலும் பட்டைக் கறை போகாது. விரல்கள் மஞ்சளும் காவியும் கலந்த நிறத்திலேயே இருக்கும். பிறகு என் தோளை இடித்துக்கொண்டு உட்காருவார்.

"எனக்கு எழுத்துன்னா இன்னான்னு தெரியும்? நீ படிடா, நான் கேக்குறேன்."

நான் படிப்பதோடு விடமாட்டேன். அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டு இன்ஸ்பெக்டராக உறுமுவேன். கொலை நடந்தால் தரையில் விழுந்து இரண்டு தடவை துடித்து, செத்தும் காட்டுவேன். அப்பாவுக்கு என் சாவில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. அவர் கவலை வேறு.

"இன்ஸ்பெக்டரு சாப்ட்டாரா?"

"அது எழுதலியே நைனா."

"காத்தாலேந்து சுத்துறாரே மனுசன். வூட்டுல யாரும் இல்லியா அவருக்கு?"

"துப்பறியறவருக்குப் பசிக்காது நைனா."

"இன்னா பொழப்புடா அது!"

தொடரைப் பற்றி அப்பாவின் அபிப்பிராயம் மொத்தமும் இவ்வளவுதான். கதையை நிறுத்தி நிறுத்திச் சோற்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு மாதம் 'இருட்டுச் சந்து' வந்தது. சந்தில் பிணம், சாட்சி இல்லை, கொலைகாரன் விட்டுப்போன மேல்துண்டு மட்டும் கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் அதை ஒரு குச்சியால் தூக்கி மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். 'தோல் பதனிடுகிறவனின் துர்நாற்றம் இது. ஆயிரம் முறை குளித்தாலும் போகாது. கறை படிந்த கைகளைத் தேடுங்கள்!' என்கிறார். நானும் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முழு வசனத்தையும் மூக்காலேயே பேசினேன். எழுதினவர் மறந்துபோன நாலு "சீச்சீ"யையும் என் கைச்சரக்காகச் சேர்த்தேன். கைதட்டலுக்குத் திரும்பிப் பார்த்தபோது என் தோளை இடித்துக்கொண்டிருந்த தோள் அங்கே இல்லை.

"போதும்டா. கண்ணு வலிக்குது" என்று அப்பா எழுந்து போனார்.

கதை கேட்கிறவருக்குக் கண் எதற்கு வலிக்க வேண்டும்? இன்ஸ்பெக்டராக இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பார். நான் மீசையை அழிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகத்தை எடுத்தேன். "பரீட்சைக்குப் படி" என்றார். அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். எனக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமைக்கும் பரவிவிட்டது. ஒருநாள் அவர் கிணற்றடியில் புளியோடு செங்கல் பொடியும் சேர்த்துக் கையைத் தேய்ப்பதைப் பார்த்தேன். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. குற்றவாளி யார் என்பது வரைக்கும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். அது நான்தான்.

உடனே ஒரு கார்டு வாங்கிப் புத்தகம் போடுகிறவர்களுக்கு எழுதினேன்:

'ஐயா, தங்கள் தொடர் வெகு விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் இன்ஸ்பெக்டருக்குப் புத்தி போதாது. எங்கள் ஊரில் எல்லார் மேலும் அந்த வாசனைதான். வாத்தியார் சட்டையிலும் அதுதான், போலீஸ்காரர் தலைப்பாகையிலும் அதுதான். இதை வைத்துப் பிடித்தால் ஊரையே பிடிக்க வேண்டும். வேலூர் ஜெயிலில் இடம் பற்றாது. ஆகையால் கொலைகாரனை மாற்றவும். எங்கள் நைனா கதை கேட்பதை நிறுத்திவிட்டார். அவசரம்.'

ஒரு மாதம் தபால்காரரின் பின்னாலேயே தெருக்கோடி வரை நடந்தேன். பதில் இல்லை. சரி, கொலைகாரனை நாமே மாற்றுவோம் என்று துணிந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பழைய புத்தகங்களில் கைக்கு வந்த ஒன்றை உருவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"நைனா, அந்தக் கதையோட மிச்சம் வந்துடுச்சு. கிளாஸ்ல ஒருத்தன் குடுத்தான்."

"அப்படியா?" என்றார். எதிர்ச் சுவரிலிருந்து நகரவில்லை.

புத்தகத்தை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு அவிழ்த்துவிட்டேன். இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்கு ஜலதோஷம், மூக்கு ஏமாற்றிவிட்டது. ஆம்பூரிலிருந்து ஒரு டேனரி ஆளை வரவழைக்கிறார்கள். பட்டை வாசனையில் பழகிய மூக்கு அல்லவா? துண்டை ஒரே ஒரு முறை முகர்ந்துவிட்டு, 'மேலே இருக்குறது எங்க வாசனை, அடியில இருக்குறது பன்னீர் வாசனை' என்கிறார் அவர். பன்னீர் பூசிய சென்னைச் சீமான் ஒருவன் டேனரி ஆள் ஒருவரின் துண்டைத் திருடிச் சந்தில் போட்டிருக்கிறான்! சீமானுக்கு விலங்கு. இன்ஸ்பெக்டர் டேனரி ஆளுக்கு விறைப்பாக ஒரு சலாம் வைத்து, கையைப் பிடித்துக் குலுக்குகிறார்.

எதிர்ச் சுவரில் அப்பா அக்குளிலிருந்து கைகளை வெளியே எடுத்தார். பிறகு,

"இன்ஸ்பெக்டரு சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு நைனா! அந்தாளு வூட்டுலியேதான். களியும் கருவாட்டுக் கொழம்பும். ரெண்டு உருண்டை."

"ரெண்டா? பாவம், எத்தினி மாசத்துப் பசியோ."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "எழுதுனவன் கெட்டிக்காரன்டா. அந்தச் சாப்புட்ட எடத்த இன்னொரு தபா படி."

படித்தேன். பதற்றத்தில் கருவாட்டுக் குழம்பு கத்தரிக்காய்க் குழம்பாகிவிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தோள் பழையபடி என் தோளை இடித்தது. படிக்கத் தெரியாத மனிதரை எவ்வளவு லாவகமாக ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அப்பா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில் அத்தனை புத்தகங்களும் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் மஞ்சளும் காவியுமாய் ஒரு பெருவிரல் ரேகை. 'இருட்டுச் சந்து' கதையை நாங்கள் பாதியில் நிறுத்தினோம். ரேகை கடைசிப் பக்கம் வரை போயிருந்தது. அதற்கு இரண்டு மாதம் பிந்திய புத்தகத்தில், கதையைத் தவிர எதையும் பார்க்காத நான் பார்க்காமல் விட்ட பின்னட்டை உள்பக்கத்தில், வாசகர் அபிப்பிராயம் என்று நாலைந்து வரிகள். அதில் ஒன்று: 'தங்கள் தொடர் வெகு விறுவிறுப்பாக இருக்கிறது – ஓர் ஆம்பூர் வாசகர்.' என் கார்டில் அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த வரியின் பக்கத்திலும் அதே ரேகை, கொஞ்சம் அழுத்தமாக.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த வெள்ளிக்கிழமைப் பகல்களில் அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முதலிலேயே படித்து முடித்திருக்கிறார்.

அன்றைக்கு நான் உருவிய பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, அன்றைக்குப் போலவே முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துப் பார்த்தேன். பிறகு திருப்பினேன். அட்டையில் எலுமிச்சம்பழம் பருமனுக்கு எழுத்துகள்: 'ஏழாவது சாவி.' ஒரு வருஷத்துக்கு முன்பே நாங்கள் படித்து முடித்த கதை. எதிர்ச் சுவரில் சாய்ந்து, அந்த எழுத்துகளைப் பார்த்தபடியேதான் கேட்டிருக்கிறார், இன்ஸ்பெக்டரு சாப்ட்டாரா என்று.