டாங்கி மூடியில் ஒரு பொட்டு

நான் எவ்வளவு ஒழுங்கான குமாஸ்தா என்பதற்கு ஒரு ஃபைல் நிறையச் சாட்சி உண்டு. யுத்தம் முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் லாஞ்சு குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது. அஞ்சாறு மைல் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் போகும், ஆட்கள் மோட்டார் லாஞ்சில் போவார்கள். லாஞ்சு கிளம்புமுன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் டிக் போட வேண்டும். அதுதான் என் உத்தியோகம். எனக்கு நீச்சல் தெரியாது. இன்ஜின் தெரியாது. படகு கட்டுகிற ஜெட்டியில் நின்று கடலைப் பார்த்தாலே குமட்டும். இங்கிலீஷ் தெரியும், அதனால் கொடுத்தார்கள்.

தாளை டைப் அடித்தவர் எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் துரை. மொத்தம் இருபது அயிட்டம். வெள்ளைக்காரன் இன்றைக்குப் போவான் நாளைக்குப் போவான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. இவர் சாவகாசமாக உட்கார்ந்து லாஞ்சுக்குப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தார். காரணம் இருந்தது. அந்த வருஷத்தில் லாஞ்சு இரண்டு தடவை நடுக்கடலில் நின்றுவிட்டது. பட்டாளத்தார் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்த லாஞ்சு அது. ஓடியதே பெரிய சங்கதி. துரை அப்படி நினைக்கவில்லை. இன்ஜின் தானாக நிற்காது, டிரைவர் அசட்டையாக இருந்தால்தான் நிற்கும் என்பது அவர் கட்சி. "மூன்றாவது தடவை நின்றால் அவனுக்கு வேலை கிடையாது. தமிழில் சொல்" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். துரைக்குத் தெரிந்த தமிழ் 'சீக்கிரம்', 'தண்ணி' இரண்டுதான்.

டிரைவர் காயல்பட்டினத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். இருபது வருஷம் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வெந்தவர். அந்த இரைச்சலில் ஒரு காது போய்விட்டது. காது போனவனைக் கப்பலில் எடுக்க மாட்டார்கள். இந்த லாஞ்சை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. அவர் ஊர் வழக்கப்படி நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். துரை சொன்னதை அவருடைய நல்ல காதுப் பக்கம் நின்று சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"சரி தம்பி. இன்ஜின்கிட்டயும் இதைச் சொல்லிருங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் கையில் தாளோடும் காதில் பென்சிலோடும் லாஞ்சைச் சுற்றி வர ஆரம்பித்தேன். அடியில் தண்ணீர் வடிக்கிற துவாரத்தில் தக்கை இறுக்கமாக இருக்கிறதா? டிக். உள்ளே தேங்கின தண்ணீரை இறைத்தாயிற்றா? டிக். இன்ஜின் பெட்டியைத் திறந்து போட்டு, பெட்ரோல் வாடை போகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம்தான் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். அந்த வாடை போய்விட்டதா என்று முகர்ந்து சொல்வது நான்தான். அது ஒன்றுதான் எனக்கு உண்மையிலேயே தெரிந்த வேலை. பெட்ரோலை மெல்லிய தோல்துணியில் வடிகட்டித்தான் டாங்கியில் ஊற்ற வேண்டும், அது ஏழாவது அயிட்டம், டிரைவர் பொறுப்பு. நங்கூரம், அதன் கயிறு, இரண்டு துடுப்பு, ஆளுக்கொரு மிதவை, குடிதண்ணீர், எங்கே போகிறோம் எப்போது திரும்புவோம் என்று ஜெட்டி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போவது, எல்லாம் உண்டு. துரையைத் திட்டுகிறேனே தவிர, பட்டியல் நல்ல பட்டியல். அதை இன்றைக்கும் சொல்வேன்.

லாஞ்சில் மூன்றாவது ஆள் ஒருவர், திரேஸ்புரத்துக்காரர். முத்துக் குளித்தவர், சர்க்கார் சலாபம் வைத்து முத்துக் குளிக்க விடாத வருஷங்களில் வயிறு சும்மா இருக்காதே, எங்கள் லாஞ்சில் முன்பக்கம் நின்று கயிறு பிடிப்பார். என்னைக் கண்டால் அவருக்கு ஒரே கேலி. "அண்ணாச்சி, கடல் இருக்கான்னு பாத்து அதுக்கும் ஒரு டிக் போட்டிருங்க" என்பார். நான் முறைப்பேன். முறைத்து என்ன செய்ய, அவர் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துவிட்டு, "வாடைக்காத்து தட்டுது, போறப்போ சும்மா போயிரும், வாரப்போ நனைக்கும்" என்பார். அப்படியே நனைக்கும். அதற்குப் பட்டியலில் இடமில்லை.

இரண்டு மாதம் லாஞ்சு நிற்காமல் ஓடியது. துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்ட ஆரம்பித்தார். நான் இன்னும் பெர்மனென்ட் ஆகாதவன். அந்தத் தலையாட்டல் ஒவ்வொன்றையும் வீட்டில் வந்து சொல்வேன்.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது.

வீட்டில் அரிவாள்மணைக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைத்து வளர்ந்தவன் நான். லாஞ்சுக்கும் வைக்க வேண்டும் என்று நான்தான் கிளப்பினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. திரேஸ்புரத்துக்காரர் மறுபேச்சில்லாமல் வாழைக்கன்று இரண்டு வெட்டி வந்து முன்னால் கட்டினார். "எங்க மாதா கோயில் சாமியாரு வந்து மந்திரிச்ச தண்ணி தெளிப்பாரு, அது எங்க முறை. இது உங்க முறை. லாஞ்சுக்கு எது பிடிக்கோ பிடிக்கட்டும்" என்றார். காக்கா முந்தின நாளே இன்ஜினைத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். டாங்கியைப் பெட்ரோலால் நிரப்பி, குச்சி விட்டு அளவு காட்டி, என்னிடம் டிக் வாங்கிக்கொண்டு, மரியாதையாக ஜெட்டியில் ஏறி நின்றுகொண்டார். நான் இன்ஜின் பக்கத்திலேயே சூடத்தை ஏற்றப் போனபோது மட்டும் இறங்கி வந்து தட்டைக் கையிலிருந்து வாங்கினார். "மேல வச்சுக் காட்டுங்க தம்பி, அங்கயிருந்தே தெரியும்" என்றார். பெட்ரோல் வாடைக்கு டிக் போடுகிற நான், பெட்ரோல் பக்கத்தில் சூடம் ஏற்றப் போனேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தேன். நங்கூரத்துக்குப் பொட்டு, துடுப்புக்குப் பொட்டு, சுக்கானுக்குப் பொட்டு. பெட்ரோல் டாங்கியின் மூடி நல்ல பித்தளை, உருண்டையாக, பார்க்க ஒரு நெற்றி போலவே இருந்தது. சரியாக நடுவில் ஒரு சின்னத் துவாரம். பொட்டு வைக்க அடையாளம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்ததால், எல்லாவற்றையும் விட அதற்குத்தான் கெட்டியாகச் சந்தனம் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். அதன் மேல் குங்குமம். தள்ளி நின்று பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் துரையே லாஞ்சில் வருகிறார், கப்பல் கேப்டனைப் பார்க்க வேண்டுமாம். நான் தாளை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன். காக்கா டாங்கி மூடியைத் திறக்கக் கையை நீட்டினார், குச்சி விட்டுப் பார்க்க. அது தினமும் அவர் செய்கிறதுதான்.

"தொடாதிய காக்கா" என்றேன். "நேத்துத்தானே அளந்து டிக் போட்டிருக்கு. முதல் ஓட்டம் முடியுற வரைக்கும் பொட்டைக் கலைக்கக் கூடாது."

இப்படி ஒரு சட்டம் எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. அம்மா வீட்டில் அரிவாள்மணைக்குச் சொல்வது. அதை நான் கடலுக்குக் கொண்டு வந்துவிட்டேன். காக்கா கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க நாளு தம்பி. நீங்க சொன்னாச் சரி."

கிளம்பினோம். மாலையும் வாழைக்கன்றுமாகக் கல்யாண வீட்டு வண்டி போல லாஞ்சு போயிற்று. துரை கூட முன்பக்கத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். முயல் தீவைத் தாண்டி ஒரு கால் மணி நேரம் போயிருப்போம். இன்ஜின் இரண்டு தரம் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாடைக்காற்று லாஞ்சை மெல்லத் திருப்பிப் பாறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தது. திரேஸ்புரத்துக்காரர் சொல்லாமலே நங்கூரத்தைப் போட்டார். கயிறு ஓடியது, பிடித்தது, லாஞ்சு நின்றது. எட்டாவது அயிட்டம், ஒன்பதாவது அயிட்டம். பட்டியல் வேலை செய்தது. எனக்குக் குமட்டலில் கண் இருட்டியது, ஆனாலும் பட்டியலை நினைத்துப் பெருமை வந்தது. என்ன ஜென்மம் நான்.

காக்கா பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. டாங்கியைத் தட்டினார்; நிறைந்த சத்தம். டாங்கி நிறையப் பெட்ரோல், குழாயில் ஒன்றுமில்லை. பிறகு மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. உடனே குழாயில் பெட்ரோல் கொட்டியது.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் துவாரம். ராத்திரி முழுக்கக் காய்ந்து இறுகிய என் சந்தனம் அதை அடைத்துக்கொண்டிருந்தது. காக்கா துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு ஊசியை விட்டுத் துவாரத்தைக் குத்தி, நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி, கைலியில் துடைத்துக்கொண்டார். ஹேண்டிலைச் சுற்றினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது.

"என்ன கோளாறு என்று கேள்" என்றார் துரை.

கேட்டேன். காக்கா இன்ஜினைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"பெட்ரோல்ல தூசி கிடந்துச்சுன்னு சொல்லுங்க தம்பி."

நான் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்று கூட இல்லாமல், நல்ல இங்கிலீஷில் சொன்னேன். துரை கையை நீட்டினார், தாளைக் கொடுத்தேன். இருபது டிக்கையும் விரலால் தடவிக்கொண்டே வந்து ஏழாவதில் நிறுத்தினார். வடிகட்டுவது டிரைவர் பொறுப்பு. "இவன் உன்னையும் ஏமாற்றியிருக்கிறான்" என்றார் என்னிடம், ரொம்ப இரக்கமாக. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வாரத்தோடு காக்காவுக்கு வேலை இல்லை என்று ஆயிற்று. எனக்கு பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. இதற்கு நடுவில் நான் செய்த ஒரே நல்ல காரியம், பட்டியலின் அடியில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லித் துரையிடம் எழுதிக் கொடுத்தது: டாங்கி மூடியின் காற்றுத் துவாரம் திறந்திருக்கிறதா? துரை படித்துவிட்டு அசந்து போனார். எப்படித் தோன்றியது என்று கேட்டார். ஒரு புத்தகத்தில் பார்த்தேன் என்றேன். படிக்கிற பையன் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னாராம்.

காக்கா கடைசி நாளன்று சாமான் பெட்டியை ஒப்படைக்க வந்தார். ஸ்பானர் ஒவ்வொன்றாக எண்ணித் துணியில் வைத்தார். நான் மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். "காக்கா, நான் துரைகிட்டப் போய் உள்ளதைச் சொல்லிருதேன்."

"எப்பச் சொல்லப் போறிய?"

"இப்பவே."

"இப்பச் சொன்னா, அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பான். உங்களையும் அனுப்பிருவான், என்னையும் திரும்ப எடுக்க மாட்டான். மூணாந்தரம் நின்னா போன்னான், நின்னுட்டு. ரெண்டு வீட்டுல உலை கொதிக்காமப் போவணுமா? ஒண்ணு போதும்."

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது என்று எழுதத்தான் ஆசை. வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று காலிலிருந்து தலை வரைக்கும் குளிர்ந்தது. சந்தனம் வைத்ததற்கு என்னை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், தெரியாமல் செய்தது. அந்த நிம்மதிக்கு இன்று வரைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பெட்டியை மூடியவர், மேஜை மேல் புதிதாக டைப் அடித்துக் கிடந்த தாளைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் வரிகளை எண்ணத் தெரியும்.

"ஒண்ணு கூடியிருக்கே. என்ன போட்டிருக்கு?"

தமிழில் சொன்னேன். நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"நல்லதுதான்" என்றார். "இதுக்கு யாரு டிக் போடுவா?"

"நான்தான்."

தலையை ஆட்டினார். வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டு, காயல்பட்டினம் பஸ்ஸுக்கு நடந்தார். அன்று சாயங்காலம் புது டிரைவரோடு லாஞ்சு கப்பலுக்குப் போயிற்று. நான் மூடியைப் பார்த்தேன். துவாரம் திறந்திருந்தது. இருபத்தொன்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.