இரண்டு பக்கமும் பூசிய சுவர்

வேலை முடிந்ததும் டைல்ஸ்காரர் எல்லா வீட்டிலும் ஒரு காரியம் செய்வார். குளியலறைக் குழாயைத் திறந்து சுவரை நன்றாக நனைய விடுவார். பிறகு மறுபக்கத்து அறைக்குப் போய், அதே சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். காய்த்துப் போன கை, அதற்கு ஈரம் எங்கே தெரியப்போகிறது, கன்னத்துக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. வீட்டுக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"திருடன்தான் மாமா செவுத்துல கன்னம் வைப்பான்" என்பான் மச்சினன்.

"அவன் எடுத்துட்டுப் போறதுக்கு வைக்கிறான்டா. நான் குடுத்துட்டுப் போறதுக்கு வைக்கிறேன்."

பழைய வீடு என்றாலே மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். இவர் தேடிப் போவார். முழங்கை நீளம் பருமனுள்ள செங்கல் சுவர், கை வைத்தால் உதிர்கிற காரை. அதைச் சுரண்டி, சிமென்ட் பூசி, ஈரம் இறங்காத பூச்சடித்து, அதன்மேல் டைல்ஸ் ஒட்டிக் கொடுப்பார். ஒரு வீட்டிலிருந்தும் புகார் வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவர் சொத்து.

ஆனால் அவர் படுக்கிற அறையிலேயே சுவர் உப்புப் பூத்துக் கிடந்தது. மனைவியின் அப்பா கட்டிய வீடு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். மனைவிக்கு இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கதவு கிறீச்சிடுகிற மாதிரி சத்தம். "காஞ்ச ரூம்ல படுக்க வைங்க. மருந்து அதுக்கப்புறம்தான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னபோது, டைல்ஸ்காரருக்குத் தலை நிமிரவில்லை.

வந்த வேலைகளையெல்லாம் தள்ளிப் போட்டுவிட்டு அந்தச் சுவரில் கை வைத்தார். குளியலறைப் பக்கம் கூரை வரைக்கும் டைல்ஸ். அதோடு விடாமல் படுக்கையறைப் பக்கமும் சுரண்டி, சிமென்ட் பூசி, அதே பூச்சை அடித்தார்.

"எல்லா வீட்லயும் ஒரு பக்கம்தானேங்க பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"ஊருக்கு ஒரு பக்கம். உனக்கு ரெண்டு பக்கம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அப்போதும் அவள் முகத்தில் சிரிப்பு பாக்கியிருந்தது.

சுவர் காய்ந்துதான் இருந்தது, அடுத்த மழைக்காலம் வரை. பிறகு பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே, கூரையை ஒட்டி, தேநீர் சிந்தியது போல ஒரு கறை. டைல்ஸ் இடுக்கில் கசிவு என்று நினைத்து இடுக்கையெல்லாம் அடைத்தார். கறை வந்த இடத்திலும் பூசினார். அது பக்கத்துச் சுவருக்கு நகர்ந்தது. அங்கேயும் பூசினார். கட்டிலின் தலைமாட்டில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. மனைவி உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

மச்சினன் வந்து பார்த்துவிட்டு, அக்கா படும் பாட்டைப் பொறுக்காமல் வாயை விட்டான். "ஊர்ல அரைகுறையா ஒரு பக்கம் பூசின வீடெல்லாம் ஜம்முனு இருக்கு. பாசத்தைக் கொட்டி ரெண்டு பக்கமும் பூசினீங்க, எங்க அக்காவுக்கு இந்தக் கதி."

குத்தலாகச் சொன்னதுதான். டைல்ஸ்காரர் உள்ளே போய் உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார்.

படுக்கையறைப் பக்கத்துப் பூச்சு ஒரே பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே செங்கல் பிசைந்த மாவு போல விரலோடு வந்தது. கீழே போகப் போக இன்னும் ஈரம். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தண்ணீர் குளியலறையிலிருந்து மட்டும் வரவில்லை. அடியில் மண்ணிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளிலும் ஏறியிருக்கும். அங்கே அவர் பூசாமல் விட்ட பக்கம் வழியாக அது சத்தமில்லாமல் காற்றோடு போயிருக்கிறது. சுவர்கள் தாங்களே காய்ந்துகொண்டன, பெயர் மட்டும் இவருக்கு. இங்கே இரண்டு பக்கமும் அடைத்துவிட்டதால் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

மனைவியை மகள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாடிக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. மகள், மருமகன், குழந்தையோடு இவளும். அதற்குமேல் ஒரு பாய் விரிக்க இடமில்லை.

டைல்ஸ்காரர் இரண்டு பக்கமும் உரித்துப் போட்டுவிட்டு, ஃபேனைச் சுவருக்கு நேராகத் திருப்பி வைத்தார். பார்க்க வந்த கொத்தனார் உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ பருமன். காய வருஷக்கணக்காகும்ணே. காஞ்சாலும் நிக்குமான்னு சொல்ல முடியாது."

தினமும் மனைவி போன் செய்து கேட்பாள், "காஞ்சுதா?"

"காயுது."

ஒருநாள் அவள் பேசப் பேச இவருக்கு ஏதோ குறைவது போலிருந்தது. அந்தக் கிறீச்சுச் சத்தம் இல்லை.

"இப்பல்லாம் மல்லாந்து படுத்தே தூங்குறேங்க" என்றாள். கூச்சத்தோடு சொன்னாள், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி.

இதற்காகத்தானே இவ்வளவும். "அப்ப அங்கயே இரு" என்றார்.

"நீங்க?"

"செவுத்தைப் பாத்துக்க ஆள் வேணும்ல."

அவள் கேட்டாள், "கன்னம் வச்சுப் பாத்தீங்களா?"

அவர் போனைப் பிடித்தபடியே போய், தோலுரிந்து கிடந்த செங்கல்லில் கன்னத்தை வைத்தார். ஜில்லென்று ஒட்டியது.

"பாத்தேன். காஞ்சுக்கிட்டுதான் இருக்கு" என்றார்.