பித்தளைப் பட்டியும் புதுச் சிவப்பும்

கார் இருக்கைக்குப் போடும் சிவப்பில் இத்தனை சிவப்பு இருக்கிறது என்பது எனக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவந்தது. அண்ணா லண்டனிலிருந்து படம் படமாக அனுப்பினார். வைன் சிவப்பு, செங்கல் சிவப்பு, பெயர் வாயில் நுழையாத இன்னும் பல சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும், பழையதைப் போலவே இப்போது புதிதாகச் செய்தது என்று எழுதியிருந்தது. வேறு எந்தச் சாமானையும் இப்படிச் செய்தால் போலி என்போம். பழைய காருக்குச் செய்தால் மட்டும் அதற்கு ரீப்ரொடக்‌ஷன் என்று மரியாதையான பெயர்.

கார் அப்பாவினுடையது. ஏ-40 என்பதை ஏ போட்டி என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார். அப்பா துறைமுக ஸ்டோரில் வேலை பார்த்தவர். துறைமுகத்தில் ஆள் உள்ள வீட்டை அப்போது நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வாசல் படலை, கதிரை, கோழிக்கூடு எல்லாம் கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் பெயின்டில் இருக்கும். எங்கள் காரும் சாம்பல்தான். பொனட்டின் நடுவிலும் கதவுகளின் ஓரத்திலும் பித்தளைப் பட்டி ஓடும். சனிக்கிழமைகளில் அதற்குப் புளி போட்டு மினுக்குவது என் வேலை. அப்பா அண்ணாவுக்குக் கார் ஓட்டப் பழக்கினார், எனக்குப் பட்டி மினுக்கப் பழக்கினார்.

சண்டைக் காலத்தில் அண்ணா வெளிநாடு போனார். அப்பா செத்துப்போயிருந்தார், அம்மா படுக்கையில். யாராவது ஒருவர் நிற்கத்தானே வேண்டும். அப்படி நிற்பதற்கு ஆள் தேடினால் எந்த வீட்டிலும் கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைதான் அகப்படுவாள். அன்புவழிபுரத்து வீட்டில் நான் நின்றேன், கொட்டிலுக்குள் கார் நின்றது. அதுவும் ஓடாது, நானும் எங்கும் போகவில்லை. மாரி மழைக்கு முன் கொட்டில் தகரத்தை மாற்றுவேன், கறையானுக்கு மண்ணெண்ணெய் விடுவேன், பின் சீற்றில் அடைகிடக்கும் கோழியைக் கலைப்பேன். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் படலையில் வந்து நின்று கேட்பார்கள். கொடுக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது.

அம்மாவும் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு நாள் அண்ணா போனில் அந்தப் பேச்சை எடுத்தார். காரைப் பழையபடி திருத்துவோம் என்றார். செலவு அவருடையது. திருத்தி முடிந்ததும் வீட்டிலேயே நிற்கட்டும், ஓட்ட ஒரு ஆளைப் பிடித்து ஞாயிறு பூசைக்கு அதில் போய் வா என்றார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை காலமும் பக்கத்து வீட்டாரின் ஆட்டோவில் ஓரமாக ஒட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவள் நான். மாதா கோயில் வாசலில் அந்தக் கதவைத் திறந்து இறங்க வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அப்போது என்னிடம் மிச்சமிருக்கவில்லை.

கிண்ணியாவில் பழைய கார் திருத்தும் முஸ்லிம் ஒருவர், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், லொறியோடு வந்து காரை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போனார். அதன் பிறகுதான் படங்கள் வரத் தொடங்கின. இருக்கைத் தோல், கதவுக்கு உள்ளே அடிக்கும் அட்டை, கண்ணாடி றபர், டாஷ்போட், சக்கர மூடி. எதை எடுப்பது என்று அண்ணாவைக் கேட்டேன்.

"நீ விரும்பினதை எடு," என்றார். "உன்ர கார்தானே."

அந்த வார்த்தையை நம்பி நான் பட்ட பாடு கொஞ்சமா? கராஜுக்குப் போய்ப் பழைய இருக்கையின் அடியில், வெயில் படாத மடிப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். போனைச் சன்னலோரம் பிடித்து அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு சிவப்பு ஒத்து வந்தது, பின்னேரம் இன்னொன்று. கடைசியில் மண்ணின் கபிலம் கலந்த ஒரு மங்கல் சிவப்பை எடுத்தேன். டாஷ்போட்டில் அம்மா மாதாவின் சுருவச் சிலையைப் பூட்டி வைத்த துளைகள் இருந்தன. புதிய டாஷ்போட் வேண்டாம், பழையதே இருக்கட்டும் என்றேன். பரீட்சைத் தாள் திருத்தும்போதுகூட நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

பட்டியில்தான் மானம் போனது. அண்ணா சாமான் எடுக்கும் கடைக்காரன் அனுப்பிய படத்தில் பட்டிகள் வெள்ளை நிக்கலில் மின்னின. இது சுத்தப் பிழை, எங்கள் காருக்கு வந்தது பித்தளை, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அண்ணாவிடம் அடித்துச் சொன்னேன். அண்ணா அங்கே விசாரித்துவிட்டுச் சிரித்தார். இந்தக் காரில் ஒன்றுகூடப் பித்தளைப் பட்டியோடு வெளியே வந்ததில்லையாம். யோசித்துப் பார்த்தால் விளங்கியது. நிக்கல் உப்புக் காற்றில் உதிர்ந்திருக்கும், துறைமுகத்தில் யாரோ உடைத்த கப்பலின் பித்தளையில் பட்டி அடித்துக் கொடுத்திருப்பார்கள். சாம்பல் பெயின்ட் வந்த வழியில்தான் அதுவும் வந்திருக்கிறது. நான் சிறுவயது முழுக்கப் புளி போட்டு மினுக்கியது கப்பலை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பித்தளையே இருக்கட்டும் என்று கேட்டேன். சரி, உன் விருப்பம் என்றார் அண்ணா.

சாமான் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். நானா மூன்று பெரிய பெட்டிகளைத் திறந்து காட்டினார். இருக்கைத் தோல் இரத்தச் சிவப்பு. பட்டி எல்லாம் நிக்கல். துளையில்லாத புது டாஷ்போட் வேறு. நான் தெரிவு செய்த ஒரு சாமான்கூட அந்தப் பெட்டிகளில் இல்லை. காரையும் அதற்குள் சந்தன நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கடைக்காரன் ஆள் மாறி அனுப்பிவிட்டான் என்றேன். பெட்டிகளை அப்படியே கட்டி வையுங்கள், அண்ணாவிடம் சொல்லித் திருப்பி அனுப்புவோம் என்றேன். நானா கையைத் துடைத்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். கதிரையொன்றை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"டீச்சர், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லையா?" என்றார். "உங்கட அண்ணன் காரைக் கொழும்பு முதலாளி ஒருத்தருக்கு வித்துட்டார், அவருக்கெண்டுதான் வேலையே தொடங்கின. சாமானெல்லாம் அவர் சொன்னபடிதான் வந்திரிக்கி."

தேநீரைக் குடித்து முடித்தேன். குடிக்காமல் எழும்பினால் அந்த மனிசனுக்கு என்ன மாதிரி இருக்கும்? பிழை அவரில் இல்லை.

கராஜ் வாசலில் நின்றே அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவர் மறுக்கவில்லை, தடுமாறவும் இல்லை. நான் தனி ஆள், ஓட்டத் தெரியாது, காரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்றார். ஏதோ எனக்கு ஒரு பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி பேசினார். அப்படியென்றால் எதற்கு என்னிடம் அந்தப் படங்களைக் காட்டினீர்கள் என்று கேட்டேன்.

"உன்ர மனம் நோகக் கூடாதெண்டுதான். நீயும் கொஞ்ச நாள் சந்தோசமா இருந்தனிதானே."

இருந்தேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. விற்றதை ஒருவேளை மறந்திருப்பேன். சன்னலோரம் ஒரு தோல் துண்டைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் நின்றேனே, நான் எடுத்த நிறத்தை அவர் கடைக்காரனுக்குச் சொல்லியே இருக்கமாட்டார். அழுகிற பிள்ளைக்குக் கிலுக்கு ஆட்டுகிற மாதிரி எனக்குச் சிவப்பைக் காட்டியிருக்கிறார். கூடப் பிறந்தவர் என்று நான் இனி எப்படி அவரோடு கதைப்பது?

நானா கழற்றிய பித்தளைப் பட்டிகளைச் சாக்கில் சுற்றித் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைக்க ஏலாது, நீளம். கால்களுக்கு நடுவில் நட்டு வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். கண்டக்டர் அதென்ன என்று கேட்டான். இரும்பு என்றேன்.

அது போன வருடம். கொட்டில் இப்போது வெறுமையாக நிற்கிறது, தகரம் மாற்றுகிற வேலையும் மிச்சம். பட்டிகள் அலுமாரிக்குப் பின்னால் கறுத்துப்போய்க் கிடக்கின்றன. புளி போட நான் போவதில்லை. அண்ணாவோடு பேச்சு நத்தார்ப் பண்டிகைக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று ஆகிவிட்டது.

போன கிழமை மறுபடி படங்கள் வந்தன. முதலில் சமைக்கும் குசினிச் சுவருக்கு ஒட்டும் டைல்ஸ், வெள்ளையில் மட்டும் ஏழெட்டு விதம். பிறகு வெளிச்சுவர் பெயின்ட், பிறகு படலை. வீடு பழசாகிவிட்டது, கொஞ்சம் திருத்துவோம் என்று எழுதியிருந்தார். கடைசியாக ஒரு வரி.

"நீ விரும்பினதை எடு. உன்ர வீடுதானே."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு வடித்தேன். சாப்பிட்டேன். பிறகு வந்து பதில் எழுதினேன்.

"வாங்கிறவர் ஆர் எண்டு முதல் சொல்லுங்கோ அண்ணா. அவருக்குப் பிடிச்ச நிறத்தையே எடுப்பம்."

வாசித்துவிட்டார் என்று போன் காட்டுகிறது.